பூஜைக்கு வைத்த கிட்டார்

என் வேலை மேசையின் இழுப்பறையில் ஒரு பச்சை சோப்பு டப்பா இருக்கிறது. அதற்குள் ஆறு கிட்டார் கம்பிகள், போன மாதம் வரை வளையல் அளவுக்குச் சுருட்டிப் பூ கட்டும் நூலால் கட்டியிருந்தவை, கிடக்கின்றன. துருப்பிடித்துக் கறுத்துவிட்டன. ரிப்பேருக்கு வருகிறவர்கள் சில சமயம் பார்த்துவிட்டு, "இத்த இன்னாத்துக்குக்கா வெச்சிகினு கீற?" என்று கேட்பார்கள். சும்மா என்பேன். சும்மா இல்லை. அவற்றை என் கிட்டாரிலிருந்து அறுத்தெடுத்தவர் என்னுடைய பழைய சூப்பர்வைசர். ஓய்வு பெற்ற மனிதரைப் பற்றி எழுதும்போது நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். நானும் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. பத்து வருடத்துக்கு முன்னும் பிடிக்காது, போன மாதம் அவர் என் கடை வாசலில் வந்து நின்றபோதும் பிடிக்கவில்லை.

எர்ணாவூரில் லாரிகளின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையமான புஷ் செய்யும் ஒரு கம்பெனியில் நான் அப்போது கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். அச்சிலிருந்து சூடாக வரும் புஷ்ஷின் ஓரத்தில் தொங்கும் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவி எடுப்பது என் வேலை. எங்கள் ஷெட்டுக்கு அவர்தான் சூப்பர்வைசர். ஆறடி ஆள், பெரிய மீசை, வாழைப்பழச் சீப்பு போல விரல்கள். ஷெட்டில் அவரைப் பிடிக்காதவர்களே கிடையாது, என்னைத் தவிர. யார் வீட்டுக் கல்யாணத்திலும் பந்தியில் நின்று பரிமாறுவார், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுவார். அதோடு கிட்டாரும் வாசிப்பார். இளவயதில் ராயபுரம் பக்கம் கச்சேரிகளில் வாசித்தவராம். கம்பெனியில் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு நடக்கும் தொழிலாளர் கச்சேரிக்கு அவர்தான் எல்லாமே.

அவரிடம் ஒரு வியாதி இருந்தது. அடுத்தவர் கையில் இருக்கும் பொருள் அவர்களுக்குச் சரியில்லை என்று அவருக்குத் தோன்றும். தோன்றினால் கேட்க மாட்டார், மாற்றிவிடுவார். நான் உட்காரும் ஸ்டூலின் காலை ஒருநாள் இரண்டு அங்குலம் அறுத்துவிட்டார், முதுகுக்கு நல்லதாம். பிறகு அரை வருடம் தோள்வலியோடு வேலை செய்தேன். இன்னொரு நாள் என் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு பெரிய கத்தி ஒன்றைக் கொடுத்தார். "சின்னக் கத்தில நோண்டிகினு கெடந்தா எப்போ முடியும்? இத்தப் புடி, ஷோக்கா வெட்டும்." ஷோக்காகத்தான் வெட்டியது, என் இடது மோதிர விரலின் நுனியை. மூன்று தையல். ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார், இளநீர் வாங்கிக் கொடுத்தார், மறுநாள் ஷெட்டில் என்னை எப்படிக் காப்பாற்றினார் என்று எல்லோருக்கும் சொன்னார். கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குத்தினவரே கட்டுப் போட்டால் கட்டைத்தான் ஊர் பார்க்கும் என்பதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எனக்கும் கிட்டார் இருந்தது. பழைய எலக்ட்ரிக் கிட்டார்தான், யார் யார் கையிலோ இருந்து என்னிடம் வந்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே பழகினேன். எங்கள் குடியிருப்பில் சுவர் மெல்லியது என்பதால் சத்தப் பெட்டியில் சொருகாமல் வெறும் கம்பியிலேயே வாசிப்பேன், அம்மாவுக்கு மட்டும் கேட்கும். மெல்லிய கழுத்து, கம்பியின் அதிர்வைப் பிடித்துச் சத்தப் பெட்டிக்கு அனுப்பும் ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று, கம்பிகள் உடம்பில் வந்து மாட்டும் பிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த வகை. கம்பி ஒன்பதாம் நம்பர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் எத்தனை கூறு தடிமன் என்பதுதான் கம்பியின் நம்பர். ஆறு கம்பிகளில் மிக மெல்லிய முதல் கம்பியின் நம்பரைத்தான் மொத்த செட்டுக்கும் பெயராகச் சொல்வோம். ஒன்பது மெல்லியது. பன்னிரண்டு தடியானது. கேட்க மூன்று கூறு வித்தியாசம், கைக்கு அது ஆளையே மாற்றும். என் வாசிப்பு முழுக்க இழுப்பில் இருந்தது. கம்பியை விரலால் மேலே தள்ளி, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் பாடகர் குரலை இழுப்பது போல இழுத்துக்கொண்டு போவேன். தையல் போட்ட விரலை வைத்துக்கொண்டு அதைச் செய்ய ஒன்பதால்தான் முடியும்.

அவருடையது நேர் எதிர். கனமான கிட்டார், இரட்டைச் சுருள் பிக்கப், அசையாத பிரிட்ஜ், பன்னிரண்டாம் நம்பர் கம்பி. இழுப்பே கிடையாது, முழுக் கையும் பதித்து அடித்து வாசிப்பார். அந்தக் கைக்கும் அந்த வாசிப்புக்கும் அது பொருத்தம், மறுக்க மாட்டேன். என் கிட்டாரை முதன்முதலில் பார்த்ததும், "ஒத்தச் சுருளு பிக்கப் நம்ம ஷெட்டாண்ட ஆவாதும்மா, மோட்டார் ஓடுனா உம்முனு கத்திகினே இருக்கும்" என்றார். அது உண்மை, கத்தத்தான் செய்தது. அடுத்ததாக, "கம்பி இன்னா நூலு மாதிரி கீது? கம்பி தடியா இருந்தாதான் சவுண்டு தடியா வரும். பொம்பளக் கைக்கு வலு ஏற வேணாமா?" என்றார். இது பொய். அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும், ஆபத்தே அதில்தான் இருந்தது. முழுக்கத் தப்பாகவே பேசுகிறவன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள், நமக்குப் பயமில்லை. எனக்கு ஒன்பதுதான் சார் சரிப்படும் என்று நாலு முறை சொன்னேன். நாலு முறையும் சின்னப் பிள்ளை சோறு வேண்டாம் என்பதைக் கேட்பது போலச் சிரித்தார்.

அந்த வருட ஆயுத பூஜைக்குச் சில வாரங்கள் முன்னால் அவரே ஒரு செய்தி கொண்டுவந்தார். ராயபுரத்தில் பெயர் பெற்ற ஓர் இன்னிசைக் குழுவின் கிட்டார்க்காரர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகிறாராம், இடம் காலியாகிறதாம். குழு ஓனர் அவருக்குப் பழைய தோஸ்து. நம்ம கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன், இரண்டு பாட்டு வாசி, பிடித்துப்போனால் உன்னைச் சேர்த்துக்கொள்வார் என்றார். அன்றைக்கு மட்டும் அவரை எனக்குப் பிடித்துப்போனது. அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிசிறு சீவும் ஸ்டூலிலிருந்து எழுந்து போக எனக்குத் தெரிந்த ஒரே வாசல் அது. காலையில் வேலைக்குப் போகும்முன் ஒரு மணி நேரம், வந்த பின் இரண்டு மணி நேரம் என்று அந்த இரண்டு பாட்டையே வாசித்தேன். இரண்டாவது பாட்டின் இடையில் வரும் கிட்டார் துண்டில் மூன்றாம் கம்பியை ஒன்றரைச் சுரம் இழுத்து, அங்கேயே நிறுத்தி, அழுவது போல நடுங்கவிட்டு இறக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள், கடுகு தீய்ந்துபோகும்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். பூஜைக்கு முதல் நாள் மாலையே கச்சேரி வாத்தியங்களையெல்லாம் ஷெட்டில் ஒப்படைத்துவிட வேண்டும். பூஜையன்று மெஷின்களோடு வாத்தியங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பார்கள். சாமிக்கு வைத்த ஆயுதத்தை அன்று யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி, மெஷின்களை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அவரவர் ஆயுதத்தைச் சூப்பர்வைசர் தன் கையால் எடுத்துக் கொடுப்பார். கச்சேரிக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு நேராக மேடை ஏற வேண்டும். வருடத்தின் முதல் சத்தம் மேடையில்தான் வர வேண்டும், நடுவில் ஓர் ஓரமாக நின்று வாசித்துப் பார்க்கக்கூட விடமாட்டார்கள். நானும் முதல் நாள் மாலை சுருதி சேர்த்து, கம்பியைத் துடைத்து, என் கிட்டாரைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன்.

பூஜையன்று தூரத்திலிருந்து பார்த்தேன். தலைமாட்டில் சாமந்தி மாலை, உடம்பில் மூன்று சந்தனப் பொட்டு. கம்பிகள் புதிதாக மினுங்கின. எங்கள் பக்கத்துக் கடற்காற்றுக்குக் கம்பி ஒரு வாரத்தில் கறுத்துவிடும், அதனால் யாரோ தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மனதுக்குள் நன்றிகூடச் சொல்லிக்கொண்டேன். கிட்ட போய் ஒரு விரல் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். சாமி குத்தம் என்று வைக்கவில்லை.

மறுநாள் மேடையில் வைத்துத்தான் தெரிந்தது. கழுத்தைப் பிடித்ததுமே கை வேறு யார் வீட்டிலோ நுழைந்தது போலத் திகைத்தது. ஒன்பது இருந்த இடத்தில் பன்னிரண்டு. தடிக் கம்பி மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்திருப்பேன். ஆனால் என் கிட்டாரின் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் நிற்பது. ஒரு பக்கம் கம்பி இழுக்கும், மறுபக்கம் ஸ்பிரிங் இழுக்கும், இரண்டும் சமமாக இருந்தால்தான் அது படுத்திருக்கும். கம்பியை மட்டும் தடியாக்கிவிட்டு ஸ்பிரிங்கைத் தொடாமல் விட்டதில் பிரிட்ஜ் முன்னால் தூக்கிக்கொண்டு நின்றது. கம்பிகள் கழுத்திலிருந்து துணி காயப்போடும் உயரத்துக்கு எழும்பியிருந்தன. ஒன்றை முறுக்கினால் மற்ற ஐந்தும் இறங்கின. தலைமாட்டில் கம்பி உட்காரும் வெள்ளைத் துண்டின் பள்ளம் ஒன்பதுக்கு வெட்டியது, அதில் பன்னிரண்டு சிக்கிக்கொண்டு, முறுக்க முறுக்க அசையாமல் இருந்து திடீரென்று டங்கென்று தாவியது. ஷெட்டே பார்த்துக்கொண்டிருக்கிறது, முதல் வரிசையில் குழு ஓனர் கைக்கெடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கிறார். சூப்பர்வைசர் மைக்கில், "இன்னாம்மா, சுருதி சேக்குறியா, சோறாக்கினு கீறியா?" என்றார். சிரிப்பு.

முதல் பாட்டு எப்படியோ நொண்டியது. இரண்டாவது பாட்டில் அந்த இடம் வந்தது. மூன்றாம் கம்பியைத் தள்ளினேன். மெல்லிய செட்டில் மூன்றாம் கம்பி வழுவழுப்பானது, அந்தத் தடி செட்டில் அதற்கும் மேலே கம்பி சுற்றியிருந்தது. முழு பலத்தோடு தள்ளியும் அரைச் சுரம்கூட ஏறவில்லை. தையல் போட்ட நுனி பிளந்தது. வந்த சத்தத்தைக் கேட்டுப் பாடிக்கொண்டிருந்தவரே திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்திவிட்டேன். அப்போது அவர் மேடையேறி, என் தோளில் கை வைத்து, மைக்கில் சொன்னார்: "பயந்துகிச்சு. பொம்பளப் புள்ளதானே, கை கொஞ்சம் மெல்லிசு. பழகணும். எல்லாரும் ஒரு தபா கை தட்டுங்க." தட்டினார்கள். அவர் தன் கிட்டாரை மாட்டிக்கொண்டு அதே பாட்டை, இழுப்பு இல்லாமல், அடித்து முடித்தார். அதற்கும் தட்டினார்கள். ஓனர் போகும்போது என்னிடம், "கை இன்னும் பழகணும்மா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் யாரும் எதையும் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்: "நான்தாம்மா மாத்துனேன். என் சொந்த செட்டு, பிரிக்காம வெச்சிருந்தது. ஓனர் காதுல சும்மா கணீர்னு உழுணும்னு பாத்தேன். நீ இன்னா, கோட்ட வுட்டுட்ட." நன்றியை எதிர்பார்த்து நின்றார். என் பழைய கம்பிகள் எங்கே என்று கேட்டேன். குப்பையோடு போயிருக்கும் என்றார். ஷெட்டின் பின்பக்கம் வாடிய மாலைகள், உடைத்த பூசணிக்காய், நசுங்கிய எலுமிச்சம்பழங்களின் குவியலில் தேடி எடுத்தேன். பிரிட்ஜ் ஓரமாகக் கட்டிங் பிளேயரால் ஆறையும் நறுக்கி, சுருட்டி, பூ நூலால் கட்டியிருந்தார். எவ்வளவு சுத்தமான வேலை. அவிழ்த்து வைத்திருந்தால் திரும்ப மாட்டியிருக்கலாம் என்ற யோசனை அவருக்கு வந்தே இருக்காது. திரும்ப மாட்ட நான் ஆசைப்படுவேன் என்பதே அவருக்குத் தெரியாது.

அவர் வேண்டுமென்றே கெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. நல்ல எண்ணம்தான் என்று ஊரும் சொன்னது, என் அம்மாவும் சொன்னாள்: "அவுரு நல்லதுக்குத்தாண்டி செஞ்சாரு." அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை. கெடுக்க நினைத்துக் கெடுத்தவன் என்றைக்காவது ஒருநாள் என் முகத்தைப் பார்க்கக் கூசுவான். இவர் மறுநாளும் அதே மீசையோடு, "தேங்க்ஸ்கூட சொல்லல பாரு இந்தப் பொண்ணு" என்று டீ குடிக்கும் இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு வாத்தியக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, ரிப்பேர் பழகி, இப்போது திருவொற்றியூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு சின்ன அறை. கானா பாடும் பையன்களிலிருந்து சர்ச்சில் வாசிக்கும் பெரியவர்கள் வரை வருகிறார்கள். எந்தக் கம்பிக்கா நல்ல கம்பி என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, கையைக் காட்டு என்பேன். என்ன வேலை செய்கிற கை, அடித்து வாசிக்கிறாயா இழுத்து வாசிக்கிறாயா, பாடுகிறவருக்காகச் சுருதியை இறக்கி வைப்பாயா, பிரிட்ஜ் அசையுமா அசையாதா, வாசிக்கிற இடத்தில் மோட்டார் ஓடுமா. இறக்கி வாசிக்கிறவனுக்கு மெல்லிய கம்பி தொளதொளத்துவிடும், அவனுக்குக் கொஞ்சம் தடி வேண்டும். சும்மா ஒரு வலு வரட்டும் என்று தடிக் கம்பி கேட்கிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். நம்பர் மாற்றினால் ஸ்பிரிங்கையும் பள்ளத்தையும் சேர்த்துத்தான் மாற்றுவேன். இவ்வளவையும் கேட்டு முடிக்கும்வரை அடுத்தவர் கிட்டாரில் என் விரல் படாது.

போன மாதம் ஒரு மத்தியானம் அவர் வந்தார். மீசை நரைத்துத் தொங்கியிருந்தது. "இன்னாம்மா, நல்லாக்கீறியா? நீதான் கடை வெச்சிகினு கீறேன்னு சொன்னாங்கோ" என்று அதே பழைய கிட்டாரை மேசையில் வைத்தார். சர்க்கரை வியாதியாம். இடது கை விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. "பன்னண்ட அமுக்க முடியல. மெல்லிசா போட்டுக் குடு." வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டேன், பதில் சொன்னார். ஒன்பதுதான் அவருக்கு இனி சரி. தலைமாட்டில் ஒன்பதுக்குப் பள்ளம் வெட்டிய புதிய துண்டு வைத்து, கழுத்தை நேராக்கி, கம்பியைத் தாழ்த்தி, ஒரு குறை இல்லாமல் செய்தேன். கிட்டார் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

வாசித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு சொன்னார்: "அன்னிக்கே நான் சொன்னேன்ல. உன் கைக்கு மெல்லிசுதான் சரின்னு. நீதான் கேக்காம தடிக் கம்பியப் போட்டுகினு வந்து மேடைல பேஜாரு பண்ணிகின."

"அது நீங்க மாத்துன கம்பி சார்" என்றேன்.

"நானா?" உண்மையாகவே திகைத்தார், நடிப்பு இல்லை. "பூஜைல வெச்சத நான் எதுக்கும்மா தொடப் போறேன்?"

இழுப்பறையைத் திறந்து, சோப்பு டப்பாவிலிருந்து அந்தச் சுருளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இதைப் பார்த்தால் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். "துருப்புடிச்ச கம்பியப் போய் சேத்து வெச்சிகினு கீற. கைல குத்துனா செப்டிக்காயிடும்மா" என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டே, என்னைக் கேட்காமல், அதைத் தூக்கிக் குப்பை டப்பாவில் போட்டார்.

"எடுங்க சார்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. "என்னுது. எடுத்து எங்க இருந்துச்சோ அங்க வெச்சிட்டுப் போங்க."

அவர் குப்பை டப்பாவின் முன் உட்கார்ந்தார். விழுந்த வேகத்தில் மக்கிய நூல் அறுந்து சுருள் பிரிந்திருந்தது. பளபளக்கும் புதிய கம்பித் துணுக்குகளுக்கு நடுவே கறுத்த ஆறையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. தடியான கம்பிகள் வந்துவிட்டன. ஐந்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். முதல் கம்பி, அந்த ஒன்பது, அவருடைய மரத்துப்போன விரல்களுக்கு அகப்படவில்லை. பிடிப்பார், நழுவும். வெளியே கும்மிடிப்பூண்டி வண்டி ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது. என் கையிலேயே இடுக்கி இருந்தது. நான் கொடுக்கவில்லை.

"கை வரலம்மா" என்றார், தலை நிமிராமல்.

"கம்பி கொஞ்சம் மெல்லிசுதான் சார்" என்றேன். "பழகணும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஞாபகம் வந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. மறுபடி குனிந்து, நகத்தால் நெம்பி, கடைசியில் அதையும் எடுத்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது, அவருக்கு அது உறைக்கவில்லை. ஆறையும் அவரே சோப்பு டப்பாவில் வைத்தார். நான் மூடி போட்டு இழுப்பறையைச் சாத்திவிட்டு, அவர் கிட்டாரை உறையில் போட்டுக் கொடுத்தேன்.